கனமானது கீழே

மேல் தட்டில் இருந்த ஐந்து இறாத்தல் டம்பெல்லின் கைப்பிடி ஈரமாக இருந்தது.

அகஸ்ரின் கையை எடுத்துப் பார்த்தான். உள்ளங்கை மினுங்கியது. பைப் ஏதும் ஒழுகுகிறதோ என்று அண்ணாந்தான்; பேஸ்மன்றின் கூரையில் தூசிதான் இருந்தது. மோந்து பார்த்தான். வியர்வை. யாரோ இப்போதுதான் பிடித்துவிட்டு வைத்த மாதிரி வெதுவெதுப்பு வேறு. ஜிம் பூட்டிக் கிடந்து இரண்டு கிழமையாகிறது.

வியர்வைதான் டம்பெல் அடுக்கும் றாக்குக்கு எமன். உப்பு பெயின்றுக்கு அடியில் புகுந்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே இரும்பு உக்கிப்போயிருக்கும். யோசப் அண்ணை அப்படித்தான் ஏமாந்தார். இந்த ஜிம்மில் றாக்குகளைப் பார்த்துவந்தவர் அவர்தான். எடைகளை ஏற்றி இறக்கப் பஞ்சிப்பட்டு, எல்லாம் மேலே இருக்கும்போதே கீழே படுத்து போல்ற் இறுக்கியிருக்கிறார். றாக்கின் கால் முறிந்து, மூன்று தட்டும் அப்படியே அவர் நெஞ்சில் இறங்கிவிட்டன.

அவருடைய செத்தவீட்டுக்கு அகஸ்ரின் போயிருந்தான். முறைப்படி, யாரிடமும் 'போட்டு வாறன்' என்று சொல்லாமல்தான் எழுந்து வந்தான். சாவு நடந்த இடத்தில் அப்படிச் சொல்லக்கூடாது. சொன்னால் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்த மாதிரி.

இன்று காலையில் வீட்டில் அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

"செத்த மனிசன்ர வேலைக்கு நீங்கள்தான் போகவேணுமே?" என்று மனைவி அன்ரனெற் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். ஏழு மாத வயிறு அவளுக்கு.

"விடு. நான் போறன்."

"ஐயோ, என்னப்பா சொல்லு சொல்லிறியள்? வாறன் எண்டு சொல்லுங்கோ."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. லிஃப்ற்றில் இறங்கும்போதே மனம் அரித்தது. வீம்புதான், வேறென்ன.

ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு டம்பெல்லைத் தரையில் வைத்தான். பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் இறக்கிச் சுவரோரம் வரிசையாக வைத்தான். யோசப் அண்ணையின் பிழையை அவன் செய்யமாட்டான். மேலே புடவைக்கடையில் ஞாயிற்றுக்கிழமைச் சனம். அவர்கள் நடக்கிற சத்தம் கூரையில் திமுதிமுவென்று கேட்டுக்கொண்டிருந்தது. அது அவனுக்கு ஒரு தைரியமாகவும் இருந்தது.

முறிந்த காலுக்குப் பதில் புதுக்கால் ஏற்கெனவே வந்து மாட்டியாகிவிட்டது. அடியில் குறுக்குச் சட்டத்தின் போல்றுகளை மாற்றி இறுக்குவதுதான் மிச்சம். புதுப் போல்றுகள் வெளியே அவனுடைய வான் வண்டிக்குள் இருந்தன. ஜிம் முதலாளி வாகீசன் மூலையிலிருந்த கண்ணாடி அறைக்குள் இருப்பான் என்ற நினைப்பில், ஜாக்கெற்றை மாட்டிக்கொண்டே குரல் கொடுத்தான்.

"போட்டு வாறன்."

"ஓம். வா."

படியேறிவிட்டான். வெளியே, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதத்துக் குளிர் காதைக் கடித்தது. பார்க்கிங்கில் வாகீசன் தன் காரின் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டிய ஐஸ் காலடியில் குவியலாகக் கிடந்தது.

"அண்ணை, முடிஞ்சுதோ? நாளைக்குக் காலமை திறக்கவேணும்."

"நீ எப்ப வெளியில வந்தனீ?"

"அப்பவே வந்திட்டன். இழவு விழுந்த ஐஸ், விடுதில்லை. பிறம்ரனுக்கு ஒருக்காப் போட்டு வாறன். நீங்கள் முடிச்சிட்டுப் பூட்டுங்கோ."

கார் போய்விட்டது. அகஸ்ரின் போல்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வாகீசன் அவனை ஒருநாளும் 'வா' என்று சொன்னதில்லை, 'வாங்கோ'தான். அண்ணை போட்டுத்தான் பேசுவான்.

றேடியோவாக இருக்கும். அல்லது மேல்கடைச் சத்தம். இப்படிச் சொல்லிக்கொண்டே, பிளாசா வாசலிலிருந்த பொதுத் தொலைபேசியில் காசு போட்டு வீட்டு நம்பரை அழுத்தினான். 'வாறன்' என்று அவளிடம் சொல்லிவிட்டால் போதும் போலிருந்தது. யாருடனோ கதைத்துக்கொண்டிருக்கிறாள், லைன் கிடைக்கவில்லை. திரும்பவும் முயன்றான். காசு மட்டும் வந்து விழுந்தது.

இவ்வளவு வளர்ந்த ஆம்பிளை ஒரு சத்தத்துக்குப் பயந்து வேலையை விட்டுவிட்டுப் போனான் என்று நாளைக்கு ஸ்காபரோ முழுக்கக் கதைக்கும். இறங்கினான்.

கீழே எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது. றாக் வெறுமையாக, டம்பெல்கள் சுவரோரம். கண்ணாடி அறைக்குள் யாருமில்லை, றேடியோவும் இல்லை. அவன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, முதுகைத் தரையில் வைத்து, கீழ்த்தட்டுக்கு அடியில் நெளிந்து நெளிந்து நுழைந்தான். றப்பர் விரிப்பின் வாசமும் பழைய துருவின் வாசமும் மூக்கில் ஏற, தட்டின் இரும்பு அவன் மூக்கு நுனிக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் குளிர்ந்துகிடக்க, ஸ்பானரைத் தடவியெடுத்து முதல் போல்றைப் போட்டு இறுக்கத் தொடங்கினான். நன்றாக இறுகியது. றாக்கின் கால் அசையவில்லை. நல்ல வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டாவது போல்றைத் தேடிக் கையை நீட்டியபோதுதான், மேலே சனம் நடக்கும் சத்தம் நின்றுபோயிருப்பதைக் கவனித்தான்.

கோடாலித் தைலம் மணத்தது.

யோசப் அண்ணை முழங்காலுக்கு அதைத்தான் பூசுவார். அவர் வந்துபோன இடம் மணத்தாலேயே தெரியும்.

டங்.

தலைக்கு மேலே. கீழ்த்தட்டில். தட்டு மெல்ல அதிர்ந்து அடங்கியது. அகஸ்ரின் மூச்சை விடவில்லை. துணியால் இரும்பைத் துடைக்கும் சத்தம் கேட்டது, பொறுமையாக, மேலும் கீழும். பிறகு மறுபடி டங். இன்னொன்று. பெரியவை. நூறு இறாத்தல், தொண்ணூறு. கனமானது கீழே, லேசானது மேலே. யோசப் அண்ணையின் அடுக்கு.

தட்டு கொஞ்சம் வளைந்தது. ஒரு சாண், சாணுக்கும் குறைவாயிற்று.

அவன் பக்கவாட்டில் உருண்டு வெளியேறப் பார்த்தான். தோள் எதிலோ இடித்தது. டம்பெல். தரையில், றாக்கை ஒட்டி, வரிசையாக. மற்றப் பக்கமும் அப்படியே. காலடியிலும். தள்ளினான். அசையவில்லை.

அன்ரனெற்றின் முகம் வந்தது. கதவைப் பிடித்த கை. வயிறு.

நடுத்தட்டு நிரம்பியது. துடைப்பு. டங். துடைப்பு. டங்.

கொடுத்த வாக்கை எடுத்துவிட்டால் என்ன? திடீரென்று அது தோன்றியது. திரும்பி வராத சொல்லைச் சொல்லிவிட்டால்.

"யோசப் அண்ணை," என்றான். குரல் கீச்சிட்டது. "நான் போறன். போறன் அண்ணை."

துடைப்பு நின்றது.

ஒன்றுமே அசையவில்லை. தட்டு முனகுவதும் நின்றது. அகஸ்ரின் கண்ணை மூடி, மாதாவே மாதாவே என்றான். விட்டுவிட்டார். விட்டுவிட்டார்.

முழங்கால்கள் நெட்டி முறியும் சத்தம். யாரோ பக்கத்தில் குந்தினார்கள். தைல மணம் கண்ணில் எரிந்தது.

"வீட்டிலையும் 'போறன்' எண்டுதானே சொல்லிப்போட்டு வந்தனீ?"

பிறகு எழுந்தார்கள். மேல் தட்டில், மிகவும் லேசாக, கடைசி டம்பெல் வந்து உட்கார்ந்தது. ஐந்து இறாத்தல். அதன் ஈரம் தட்டுத் தட்டாக இறங்கி அவன் நெற்றியில் சொட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது.

கண்ணைத் திறந்தான்.

முகத்துக்கு நேரே, அவன் இறுக்கிய போல்ற், யாரும் தொடாமல், இடப்பக்கமாகச் சுழன்று கழன்றுகொண்டிருந்தது.