கவிழ்த்து வைத்த தட்டு

எட்டு மாதம் நாக்கு செத்துப்போய்ச் சாப்பிட்டிருக்கிறீர்களா?

காய்ச்சலுக்கு நாலு நாள் வாய் கசக்குமே, அதைச் சொல்லவில்லை. ஊறுகாயை வாயில் போட்டாலும் ஊறவைத்த காகிதத்தைப் போட்டாலும் வித்தியாசம் தெரியாத நிலையைச் சொல்கிறேன். கரண்டியம்மாவின் நாத்தனார் அந்த நிலையில்தான் இருந்தாள். பத்து நாள் காய்ச்சலில் படுத்தாள். எழுந்தபோது உடம்பு தேறியது, ருசி திரும்பவில்லை. "வந்தா வரும், வராட்டி பழகிக்கணும்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சாப்பாடு வெறுத்து ஆள் பாதியாகிப் போனாள். தையல் மெஷினை மிதிக்கக்கூடக் காலில் தெம்பில்லை. இப்படியே போனால் இன்னொரு வருஷம் தாங்கமாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், கரண்டியம்மாவுக்கும் தெரியும். வாய்விட்டு யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

கரண்டியம்மா ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் முப்பத்தோரு வருஷம் கரண்டி பிடித்தவள். அந்தப் பேர் நோயாளிகள் வைத்தது. "டாக்டர் மருந்தை எழுதட்டும். நாக்கு என் டிபார்ட்மென்ட்" என்று அவள் சொல்லிவிட்டாள். உள்ளூர் ருசி எழுப்பாத நாக்கை எங்கேயோ இருக்கிற ஒரு ருசி எழுப்பும் என்பது அவள் பிடிவாதம். நாத்தனாரை இழுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போனாள். பெரிய ஓட்டல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சந்தையில், படகுத்துறையில், சலூன் வாசலில் யாராவது டப்பாவைத் திறந்து சாப்பிட்டால் பக்கத்தில் போய் நிற்பாள். சிரிப்பாள். அவர்களும் சிரித்து நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

பாஷைக்குப் போன் இருந்தது. இவர்கள் தமிழில் சொன்னதை அந்த ஊர்ப் பாஷையில் சொல்லும். எதிராளி பேசுவதைக் கேட்டு, அதிலிருந்த பெண்குரல் பாடப்புத்தகத் தமிழில் திருப்பிச் சொல்லும். மீன்காரன் "வாம்மா" என்று பல்லைக் காட்டினால், "தங்கள் வருகை மகிழ்ச்சி அளிக்கிறது" என்னும். நாத்தனார் அதற்கு டீச்சரம்மா என்று பேர் வைத்திருந்தாள்.

பதினோராம் நாள் மத்தியானம் அவர்கள் போன பஸ் ஒரு ரயில்வே கேட்டில் நின்றது. சுற்றிலும் ஒரு வீடு கிடையாது. மழைமேகம் இறங்கி, இரண்டு மணிக்கே விளக்கு வைக்கிற நேரம் போல இருந்தது. ரயில் போய் கேட் திறக்கும்போது ஜன்னல் வழியாக ஒரு வாசனை வந்தது. எலும்பும் கிழங்கும் மிளகும் ஒன்றாகக் கொதிக்கிற வாசனை.

கரண்டியம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அண்ணி, பஸ் போயிடும்!"

"போனா போகட்டும். அது என்ன உன் மாமியார் வீட்டு வண்டியா? இறங்குடி."

கேட்டை ஏற்றிவிட்டு நின்ற பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். மழைக்கோட்டு, கக்கத்தில் சுருட்டிய கொடி. கரண்டியம்மா மூக்கைத் தொட்டுக் காட்டி, வீட்டைக் காட்டி, கும்பிட்டாள். கேட்காரம்மா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பேசினாள்.

"மூவருக்குப் போதுமான உணவு உள்ளது. அடுத்த பேருந்து நான்கு மணிக்கு. வாருங்கள்" என்றது போன்.

தண்டவாளத்திலிருந்து பத்தடி தள்ளி, கல்லால் கட்டிய ஒற்றை அறை. உள்ளே ஒரு அடுப்பு, ஒரு கட்டில், சுவரில் ஒரு மணி. ஈர இரும்பின் வாசனை எதிலும் ஒட்டியிருந்தது. நடுவில் மேஜை, நாலு நாற்காலி. கேட்காரம்மா மூன்று இடத்தில் தட்டு எடுத்து வைத்தாள். ஜன்னலோரம் நாலாவது இடத்தில் ஏற்கெனவே ஒரு தட்டு கவிழ்ந்திருந்தது.

கேட்காரம்மா குழம்பைப் பானையோடு கொண்டுவந்து வைத்தாள். கரண்டியம்மா ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பு தூக்கலாக இருந்தது. ஆனாலும் கைப்பக்குவம் தெரிந்த சமையல். நாத்தனார் தட்டில் ஊற்றினாள்.

"எப்படிடி இருக்கு?"

"துணியை நனைச்சு மென்ன மாதிரி இருக்கு அண்ணி. நல்ல துணி."

கரண்டியம்மா சிரித்தாள். பதினோரு நாளில் இது இருபதாவது சமையலோ, முப்பதாவதோ.

கேட்காரம்மா அவள் தோளைத் தொட்டு நாலாவது தட்டைக் காட்டினாள். மேஜை நடுவில் விழித்திருந்த போன் சொன்னது: "அந்தத் தட்டு அப்படியே இருக்கட்டும். அதில் பரிமாற வேண்டாம்."

"ஏன்? யாருது அது?"

கேட்காரம்மா வாயைத் திறந்தாள். சுவரில் மணி அடித்தது. கொடியை எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

"புருஷன் கூட சண்டை" என்றாள் கரண்டியம்மா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கதவுகிட்ட பாரு, ஆம்பள பூட்ஸ். சோத்துல கை வைக்கக் கூடாதுன்னு தட்டைக் கவுத்து வெச்சிருக்கா. என்ன கோவம்னாலும் வயித்துல அடிக்கலாமா? மழையில வேலை பார்த்துட்டு மனுஷன் பசியோட வருவான்."

பூட்ஸின் மேல் விரல் கனத்துக்குத் தூசி படிந்திருந்ததை அவள் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருஷம் வரவேண்டியவர்களுக்கு எடுத்துவைத்தே பழகிய கை. ஆப்பரேஷனுக்குப் போனவன் வருவான், நைட் டூட்டி நர்ஸ் வருவாள் என்று மூடிவைத்த தட்டுகள் எத்தனையோ. அந்தக் கை யாரையும் கேட்காமல் போய்த் தட்டை நிமிர்த்தியது. ஒரு கரண்டி குழம்பு ஊற்றியது.

வெளியே கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியாக, மெதுவாக, ஜன்னலை மறைத்து மறைத்துப் போனது. அறை இருண்டது, வெளுத்தது, இருண்டது. மேஜை நடுங்கியது. கால் பக்கத்திலிருந்து ஒரு குளிர் ஏறியது.

தட்டிலிருந்து கிளம்பிய ஆவி நேராக மேலே போகவில்லை.

நாற்காலிப் பக்கம் வளைந்து போனது.

"அண்ணி."

"என்னடி?"

"உப்பு."

கரண்டியம்மாவுக்குப் புரியவில்லை.

"உப்பு அண்ணி! உப்பு தெரியுது! ரொம்ப உப்பு!" நாத்தனார் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அள்ளி அள்ளித் தின்றாள்.

"இன்னும் ஒரு கரண்டி" என்றது போன்.

"பார்றி, டீச்சரம்மாவுக்கும் பசிக்குது" என்றாள் கரண்டியம்மா. ரயில் சத்தத்தில் எதையோ பிடித்துவிட்டது என்று நினைத்தாள். சந்தோஷத்தில் கை நிற்கவில்லை. எல்லாத் தட்டிலும் ஊற்றினாள். நாலாவது தட்டிலும்.

"மிளகு! அண்ணி, அடியில ஒரு புளிப்பு இருக்கு, என்ன போட்டிருக்காங்க?"

"இரு, பார்க்கிறேன்." கரண்டியம்மா ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

வாயில் ஏதோ இருந்தது. வெதுவெதுப்பாக, கொழகொழவென்று. அவ்வளவுதான்.

இன்னொரு வாய்.

ஒன்றுமில்லை.

நிமிர்ந்து நாலாவது தட்டைப் பார்த்தாள். குழம்பு ஒரு சொட்டு குறையவில்லை. நிறம் மட்டும் போயிருந்தது. அடுப்புச் சாம்பலைக் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தது.

போன் பேசியது. அதே டீச்சர் குரல், அதே நிதானம்.

"உன்னிடம் எடுத்தேன். அவளிடம் கொடுத்தேன். மீதியையும் ஊற்று."

ரயில் போய்க்கொண்டே இருந்தது. நாத்தனார் காதில் இது விழவில்லை. தலை குனிந்து தின்றுகொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்கு அப்புறம் அந்தக் கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது.

கரண்டியம்மா கூச்சல் போட்டுக்கொண்டு ஓடியிருக்கலாம். அவள் அந்தக் கன்னத்தைப் பார்த்தாள்.

"நாக்குதானே" என்றாள் மெதுவாக. "எடுத்துக்கோ. முழுசா அவளுக்குக் குடுக்கணும். அரைகுறையா குடுத்தே, பார்த்துக்கோ."

மூன்றாவது கரண்டியை ஊற்றினாள்.

ருசி போன வாயில் எரிச்சலாக மட்டும் மிஞ்சியிருந்த மிளகுக் காரமும் போயிற்று.

"நன்று" என்றது போன். "இப்போது அவள் எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்காரட்டும்."

நாத்தனாரின் கை நின்றது.

தட்டைத் தள்ளிவைத்தாள். எழுந்தாள். கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. மேஜையைச் சுற்றி ஜன்னல் பக்கம் நடந்தாள்.

"ஏய். எங்க போற? உட்காருடி!"

நாலாவது நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்தது. ஆள் உட்கார இடம் விடுகிற மாதிரி.

கரண்டியம்மா குறுக்கே போய் விழுந்தாள். நாத்தனாரை இடுப்போடு பிடித்தாள். நாற்பது கிலோ உடம்பு, கல்தூண் மாதிரி இழுத்தது. ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கரண்டியை மேஜையில் ஓங்கி அடித்தாள். நாற்பது கட்டில் வார்டையே அடக்கிய குரல் வெளியே வந்தது.

"பந்தி முடிஞ்சுது! கேட்டதுக்கு மேலயே மூணு கரண்டி போட்டாச்சு. என் நாக்கைக் குடுத்தது என் இஷ்டம். இவளைத் தர்றேன்னு நான் சொன்னேனா? சொன்னேனாடா?"

"இவள் என்னுடையவள்."

"இவ எங்க வீட்டுப் பொண்ணு! உனக்கு முன்னாடியே எமன் வந்து கியூவுல நின்னான். அவனுக்கே இல்லைன்னுட்டேன். நீ எந்த ஊர் பிச்சைக்காரன்? எழுந்திரு!"

தட்டைப் பிடித்துக் கவிழ்த்தாள். சாம்பல் குழம்பு மேஜையெல்லாம் ஓடியது. பனிக்கட்டி மாதிரி சில்லிட்டது. தட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

அடியிலிருந்து ஏதோ தள்ளியது.

தட்டு ஒரு விரல் கனம் எழும்பியது. இரண்டு விரல்.

நாத்தனாரைப் பிடித்த கையை விடாமல், கரண்டியம்மா மேஜைமேல் ஏறி அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"தள்ளு பார்ப்போம்" என்று மூச்சு வாங்கினாள். "எண்பத்திரண்டு கிலோ. எல்லாம் ஆஸ்பத்திரிச் சோறு."

கடைசிப் பெட்டி போனது. அறை வெளுத்தது. நாத்தனார் அவள் மடியில் சாய்ந்து, "அண்ணி, மேஜைமேல என்ன பண்றீங்க?" என்றாள்.

வாசலில் கேட்காரம்மா நின்றாள். கொடி கையிலிருந்து நழுவியிருந்தது. வந்து கரண்டியம்மாவைக் கைகொடுத்து இறக்கினாள். தட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே கம்பியால் மேஜையோடு கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் பேசினாள். போன் அவள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தது.

"என் கணவர் நோயுற்றிருந்தார். உண்ண மறுத்தார். இந்த வீட்டில் தட்டு கவிழ்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு முன் இருந்தவர் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. பரிமாறினேன். என் ருசி போனது. அவர் வயிறார உண்டார். பிறகு எழுந்து அந்த நாற்காலிக்குப் போனார்."

கேட்காரம்மா பூட்ஸைப் பார்த்தாள்.

"உட்கார்ந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை."

உப்பு ஏன் தூக்கலாக இருந்தது என்று கரண்டியம்மாவுக்கு இப்போது விளங்கியது.

"இந்த எழவை எடுத்து ஆத்துல வீச வேண்டியதுதானே?"

"தட்டு இல்லாவிட்டால் அது நம் தட்டில் உண்ணும்."

நாலு மணி பஸ் வந்தது. கேட்காரம்மா கேட்டருகே நின்று, பஸ் கண்ணுக்கு மறைகிற வரை கொடியை ஆட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில்தான் நாத்தனாருக்கு முழுதாகப் புரிந்தது. முகத்தை மூடிக்கொண்டாள்.

"உங்க நாக்கு எனக்கு எதுக்கு அண்ணி? நீங்க உப்பு பார்த்தா ஒரு கல்லு கூடாது, குறையாது. திரும்பப் போய்க் குடுத்துடலாம்."

"குடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க வம்சத்துல இல்ல."

"இனிமே எப்படிச் சமைப்பீங்க?"

"மூக்கு இருக்கு. கண்ணு இருக்கு. சொல்றதுக்கு நீ இருக்கே. இன்னும் பத்து நாள் பாக்கி. ஒரு வேளையும் விடப்போறதில்ல. நீ தின்னு, எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு. நல்லாச் சொல்லணும். 'நல்லாருக்கு அண்ணி'ன்னு மொட்டையாச் சொன்னே, கரண்டியாலேயே போடுவேன்."

கொஞ்ச தூரம் போனதும் நாத்தனார் கேட்டாள்: "அது நம்ம கூடவே வந்துட்டா?"

"வரட்டும்" என்றாள் கரண்டியம்மா. "சோறு கிடையாது."

மறுநாள் காலை எட்டு மணிக்கு விடுதியின் சாப்பாட்டு அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் இரண்டு முட்டையும் நாலு துண்டு ரொட்டியும் தின்றுவிட்டு, ஜாமில் புளிப்பு அதிகம், வெண்ணெய் புதுசு என்று சொன்னாள். கரண்டியம்மா எதிரே காலியாக இருந்த நாற்காலியில் தன் பையை வைத்தாள். பை கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. மறுபடி வைத்தாள்.