வட்டப் பொத்தான்

ஆட்டத்தை நிறுத்தி வைத்த பிறகும் ஒரு காலடி கூடுதலாகக் கேட்டது.

கேமின் சத்தம்தான் என்று நினைத்து உசேன் முதலில் அதை ரசித்தான். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி. ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, கடையை நான்கு மணிக்குத் திறந்தால் போதும் என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் நேரம். ஐப்பசி மழை விடாமல் பெய்ததில் சாரம் பகுதியில் இருந்த அவன் வீட்டின் கூடம் விளக்கு வைக்கும் நேரம் போல இருண்டிருந்தது. குறுக்கே கட்டிய கொடியில் காயாத துணிகளின் வாடையும், மதியம் பொரித்த வஞ்சிரத்தின் வாடையும், கொசுவத்திப் புகையும் கலந்து கூடத்திலேயே தங்கியிருந்தன. உள்ளறையில் மனைவி ஜீனத்துன்னிசாவும் நான்கு வயது ரூமானாவும் தூங்கினார்கள். டிவிக்கு முன்னால் பாயில் சம்மணமிட்டிருந்த உசேன், கண்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு நோட்டை எடுத்தான்.

விளையாடிய ஒவ்வொரு கேமையும் பற்றி எழுதி மார்க் போடுவது அவன் வழக்கம். முப்பத்தாறு வயதில், கடை வைத்திருக்கும் மனுஷனுக்கு இது என்ன பைத்தியம் என்று கேட்காதவர்கள் இல்லை. அவன் காதில் போட்டுக்கொண்டதில்லை. பிரான்சிலிருந்து லீவில் வரும் குடும்பங்கள் கழித்துப் போடும் டிஸ்குகளைத் தேடித் தேடி வாங்கி நூறுக்கு மேல் சேர்த்துவிட்டான். இந்த வாரத்துப் பக்கம் இப்படி இருந்தது:

'கார் ரேஸ்: வளைவில் வண்டி சோப்பு மாதிரி வழுக்குகிறது. நாலு. ஃபுட்பால்: வர்ணனை முழுக்க பிரெஞ்சு, ஒரு மண்ணும் விளங்கவில்லை, ஆனாலும் கோல் விழுந்தால் அந்த ஆள் கத்துகிற கத்துக்கு ஏழு. உறையில்லாத டிஸ்க்: மேலே ஜப்பான் எழுத்து. வெட்டுக்கத்தியோடு ஒருத்தன் வீடு வீடாகப் போகிறான், அவனை நாம் நடத்த வேண்டும். கதை கிடையாது, படமும் சுமார். ஆனால் சத்தம்! எலும்பில் கத்தி இறங்கும் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது.'

முதல் வீட்டை நேற்றே முடித்திருந்தான். உயரமான பச்சைக் கதவு, சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர். முதல் வெட்டிலேயே கிழவரின் தலை தட்டில் கவிழ்ந்தது. ஓடிய பெண்ணை மாடிப்படியில் மடக்கி, பொத்தானை அமுக்க அமுக்க, அவள் விரல்கள் ஒவ்வொரு படியாக உருண்டு இறங்கின. ஒவ்வொரு வெட்டுக்கும் கண்ட்ரோலர் கைக்குள் அதிர்ந்தது. உசேனுக்கு வியர்த்தது. சிரிப்பும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று இரண்டாவது வீடு. நோட்டை மூடிவிட்டு, கண்ட்ரோலரின் ஸ்டிக்கை முன்னால் தள்ளினான். திரையில் அந்த ஆள் மூன்று அடி வைத்தான். உசேனின் முதுகுக்குப் பின்னால், மொசைக் தரையில், ஈரப் பாதம் மூன்று முறை ஒட்டிப் பிரிந்தது.

விரலை எடுத்தான். சத்தம் நின்றது.

ஒரே ஒரு அடி தள்ளினான். பின்னால் ஒரே ஒரு அடி.

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. திரையில் அந்த ஆள் ஒரு துணிக்கொடிக்கு அடியில் நின்றான். அவன் தலையை உரசிக்கொண்டு மஞ்சள் கவுன் ஒன்று தொங்கியது, பையில் வாத்து தைத்த கவுன். உசேன் கண்ணை மட்டும் உயர்த்தினான். தலைக்கு மேலே கொடியில் ரூமானாவின் கவுன் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

முதல் வீட்டின் அந்தப் பச்சைக் கதவை நிஜத்தில் எங்கே பார்த்தோம் என்பது இப்போது நினைவுக்கு வந்தது. போன வாரம் டிஸ்குகளை வாங்கப் போனபோது, பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்த ரொமேன் திறந்த கதவு அது.

"வீட்ல யாரும் இல்லியா?" என்று உசேன் பேச்சுக்குக் கேட்டிருந்தான்.

"இருந்தாங்க. பெட்டியோட எடுத்துக்கினு போங்க பாய், காசுலாம் வேணாம்" என்றான் ரொமேன். அவன் பெட்டியைக் கையால் தொடாமல் காலால் தள்ளிவிட்டதைப் பார்த்தும், இலவசம் என்ற சந்தோஷத்தில் உசேன் வேறெதுவும் கேட்கவில்லை.

ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தான். அந்த ஆள் திரும்பவில்லை. தானாகவே நடந்தான். ஈரப் பாதங்கள் உசேனைக் கடந்து உள்ளறைக்குள் போயின. திரையில் கட்டில் தெரிந்தது. போர்வைக்குள் பெரிய உருவம் ஒன்று, சின்ன உருவம் ஒன்று.

உள்ளேயிருந்து தூக்கக் குரல். "என்னங்க... இங்க வந்து என்னா நின்னுக்கினு இருக்கீங்க?"

கட்டில் கிறீச்சிட்டது.

"கையில என்னா அது?"

திரை அசையாமல் நின்றது. ஓங்கிய கத்தியின் படம். கீழே சிவப்பு வட்டம், நீலப் பெருக்கல் குறி. வெட்டவா, வேண்டாமா? முதல் வீட்டில் இப்படிக் கேட்டதில்லை. வயரைப் பிடுங்கலாம், பிடுங்கினால் அவனை யார் பிடித்து நிறுத்துவது? எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. வருஷக்கணக்காகப் பழகிய கட்டைவிரல் முந்திக்கொண்டது. அவனுடைய பிரான்சு டிஸ்குகள் எல்லாவற்றிலும் வட்டம் என்றால் வேண்டாம்.

வட்டத்தை அமுக்கினான்.

அமுக்கிய பிறகுதான் உறைத்தது. ஜப்பான் டிஸ்கில் அது தலைகீழ். அங்கே வட்டம்தான் சரி.

கண்ட்ரோலர் துள்ளியது. உள்ளறையில் அந்தச் சத்தம். ஒன்பது மார்க் சத்தம். ஜீனத்துன்னிசா "யா அல்..." என்றாள். மறுபடி துள்ளியது. மறுபடி. கட்டில் கால் தரையில் இழுபட்டது. பிறகு சொட்டும் ஓசை மட்டும்.

உசேனின் கைலி நனைந்து பாயில் சூடு பரவியது. அழக்கூட முடியவில்லை.

திரையில் அந்த ஆள் சின்ன உருவத்தின் பக்கம் திரும்பினான். கத்தி. வட்டம். பெருக்கல்.

பெருக்கலை அமுக்கினான். கத்தி தாழ்ந்தது. பத்து எண்ணுவதற்குள் மறுபடி உயர்ந்தது. பெருக்கல். மறுபடி. பெருக்கல். விரலை எடுக்க முடியாது. எழ முடியாது. கத்த முடியாது, கத்தினால் பிள்ளை எழுந்துவிடும்.

"அத்தா."

உள்ளறை வாசற்படியில் ரூமானா நின்றாள். கண்ணைக் கசக்கியதில் முகமெல்லாம் சிவப்பு.

"அம்மா எழுந்துக்க மாட்றாங்கத்தா. ஒரே ஈரமா இருக்குது."

"வெளிய ஓடிடும்மா. தெருவுக்கு ஓடு..."

குரலே எழும்பவில்லை. எல்லா வெள்ளிக்கிழமையும் போல நேராக வந்து அவன் மடியில் உட்கார்ந்தாள். கைகள் பிசுபிசுத்தன. அவளுக்குப் பின்னாலேயே ஈரப் பாதங்கள் வந்தன. நின்றன. உசேனின் பிடரியில் மூச்சு பட்டது, கசாப்புக் கடை வாடை அடித்தது.

திரையில் ஒரு பாய். முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒருவன். மடியில் குழந்தை. மேலே கத்தி.

பெருக்கல். பெருக்கல். பெருக்கல்.

"நீங்களே ஆடுறீங்க" என்று சிணுங்கினாள் ரூமானா. "எனக்கு ஒருவாட்டி."

"வேணாம்மா... தொடாதம்மா..."

அவளுக்கு எப்போதும் சிவப்புதான் பிடிக்கும். கண்ட்ரோலரை இழுத்தான். ரத்தத்தில் கை வழுக்கியது. அவளுடைய சின்ன விரல் வட்டத்தின் மேல் அழுந்தியிருந்தது.