சூடு தேடுபவை

வெள்ளைத் துணியில் இருந்த சிவப்புப் புள்ளிகள் இடம் மாறியிருந்தன.

சிவரூபி முதலில் அதை நம்பவில்லை. எலிக்கூட்டின் தட்டில் விரிப்பதற்காக மகளின் பழைய பள்ளிக்கூடச் சட்டையைக் கிழித்து, தோய்த்து, நேற்றுத்தான் போட்டிருந்தாள். காலையில் தவிடு வைக்கக் கையை விட்டபோது துணியின் மூலையில் குங்குமம் சிந்தியதுபோல ஒரு சிதறல் கிடந்தது. தேத்தண்ணி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அந்தச் சிதறல் துணியின் நடுவில், ஒன்றோடொன்று ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்த எலிகளின் வயிற்றோரமாக, ஒரு கோடாய் நீண்டிருந்தது. குனிந்து ஒரு புள்ளியை நகத்தால் அழுத்தினாள். காதால் கேட்டதா விரலால் உணர்ந்ததா என்று சொல்ல முடியாத ஒரு சின்ன வெடிப்பு. துணியில் இரத்தம் கீறலாய் இழுபட்டது.

வெளியே மழை. மார்கழி பிறந்ததிலிருந்து தகரக் கூரையில் யாரோ ஓயாமல் அரிசி கொட்டுவதுபோல விழுந்துகொண்டிருந்த மழை. அதற்கு அடியில், அதைவிட மெல்லியதாய், ஆனால் ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாததாய், எலிகள் தங்கள் தோலைச் சொறிகிற சத்தம்.

முதல் சோடி வந்தது மகள் யதுசிகாவின் ஆசைக்கு. ஆறு வயதுப் பிள்ளை கேட்டால் அப்பா பிரதாபன் இல்லையென்று சொல்லமாட்டான். பஞ்சு என்று ஒன்றுக்கும் பாலன் என்று மற்றதுக்கும் பேர் வைத்து, தன் சோற்றுக் கோப்பையில் இருந்தே அவள் தீத்தினாள். அவை குட்டி போடவில்லை என்பதால்தான் போன கிழமை வவுனியாவில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிற சிநேகிதனிடம் இன்னும் சில எலிகளை வாங்கி, மட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். வந்ததும் கூட்டில் விடவில்லை. பொழுதுபடக் காத்திருந்தான். புதுக் கோழியைப் பகலில் விட்டால் பழையதுகள் கொத்திக் கலைக்கும். இருட்டிய பிறகு கூட்டுக்குள் தள்ளிவிட்டால் விடியும்போது எல்லாம் ஒரே மணமாய், ஒரே குடும்பமாய் இருக்கும். இந்தக் கொலனியில் எல்லாரும் கோழிக்குச் செய்வது அதுதான். எலிக்கும் அவன் அதையே செய்தான். கொஞ்ச நாள் வேறாக வைத்துப் பார்ப்போம், மயிரை விலக்கித் தோலைப் பார்ப்போம் என்று அவனுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

உண்மையில் எலிகள் அடுத்த நாள் சண்டை பிடிக்கவில்லை. ஒன்றாய்ப் படுத்தன. ஒன்றாய்ச் சொறிந்தன.

இப்போது பஞ்சுவின் தோளில் மயிர் கொட்டி, இளஞ்சிவப்புத் தோலில் சிராய்ப்புகள் தெரிந்தன. மழைக்கும் சாரைப் பாம்புக்கும் பயந்து கூட்டை அறைக்குள் வைத்திருந்தார்கள். யதுசிகாவின் பாய் அதற்குப் பக்கத்தில்தான்.

“என்னா புள்ள, எலி எப்பிடி இருக்கு?” வீரம்மா குசினி வாசலில் நின்று, தலையில் போட்டிருந்த உரப்பையை உதறினாள். அடுத்த காணிக்காரி. கண்டியிலிருந்து வந்து இங்கே கமம் செய்கிற குடும்பம். “ஊரே வயல்ல எலிய அடிச்சிக்கிட்டுக் கெடக்கு. ஒம் புருசன் காசு குடுத்து வாங்கியாந்து சோறு போடுறாரு. அடுத்த போகத்துக்கு நெல்லுக்குப் பதிலா எலிய வெதைப்பாரோ?”

சிவரூபி சிரிக்கப் பார்த்தாள். “அக்கா, இதுகளுக்குப் பேன் பிடிச்சிருக்குது போல.”

வீரம்மா கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். “அய்யய்ய. கோழிப்பேன் மாதிரில்ல இருக்கு. வேப்பங்கொழையப் போட்டுப் பொகை காட்டு. எங்கூட்டுக் கோழிக்கூட்டுக்கு மாசா மாசம் காட்டுறேன்ல. ஓடிப் போயிரும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “தண்ணி ஏறுது புள்ள. நாங்க பள்ளிக்கூடத்துக்குப் போறோம். நீயும் வந்துரு.”

“இவர் வரட்டும் அக்கா. காலமை பாலத்துக்கு அந்தப் பக்கம் வயலைப் பாக்கப் போனவர்.”

வீரம்மா போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது போலிருந்தது. சிவரூபி ஒரு பழைய தாச்சியில் தணலைப் போட்டு, அதன்மேல் ஈர வேப்பங்குழையைக் குவித்து, கூட்டின் கீழே தள்ளினாள். மகளைக் குசினியில் இருத்தினாள். கசப்பான, கனத்த, மஞ்சள் நிறப் புகை கூட்டைச் சுற்றிக்கொண்டது. எலிகள் தும்மின. ஒன்றின் மேல் ஒன்று ஏறின. அவற்றின் கண்ணோரங்களிலும் மூக்கிலும் சிவப்பாய் ஏதோ கசிந்து வெள்ளை முகங்களில் வழிந்தது. ஆனால் புகை அடங்கிய பிறகு துணியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

ஓடிப் போயிருந்தன.

அந்த நிம்மதியோடு தேத்தண்ணி குடித்தாள். அரைவாசி குடித்த பிறகுதான், வீரம்மாவின் கோழிக்கூடு முற்றத்தில் இருக்கிறது, இந்தக் கூடு வீட்டுக்குள் இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. ஓடிப்போனவை எங்கே ஓடியிருக்கும்?

கோப்பையை வைத்துவிட்டு அறைக்குப் போனாள். பூசாத சீமெந்துச் சுவரின் வெடிப்பு ஒன்று சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நிலத்தைத் தொட்டது. பாயைத் தொட்டது.

“அம்மா,” யதுசிகா பின்னால் வந்து நின்றாள். அவளுடைய கை சட்டைக்குள் இருந்தது. “கடிக்குது.”

சிவரூபி சட்டையைத் தூக்கினாள். இடுப்பைச் சுற்றி, ஜங்கியின் றப்பர் அழுத்திய கோட்டில், சின்னச் சின்னத் தடிப்புகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஊசிப் புள்ளி.

அந்தக் கணத்தில் சிவரூபியின் உள்ளே ஒன்று எழுந்து உட்கார்ந்தது. அது பயம் அல்ல, பயத்துக்கு முந்தியது. யுத்தத்துக்குப் பிறகு செட்டிகுளத்து அகதி முகாமில் பத்து வயதில் பேனுக்காகத் தலை மழிக்கப்பட்டுத் தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்தபோது, தன் தோல் தனக்குச் சொந்தமில்லை, வேறு எதுவோ குடியிருக்கிற காணி அது, தான் அதற்குள் அடைபட்ட ஒரு ஆள் மட்டும்தான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. கலியாணத்துக்குப் பிறகும், பிள்ளை பிறந்த பிறகும், சந்தோசமாய் இருக்கிற நேரங்களிலும்கூட, ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது உடம்பு முழுவதையும் தடவிப் பார்ப்பாள். யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வதுபோல. யதுசிகாவின் தோல் மட்டும் சுத்தமானது. அந்த ஒன்றை மட்டும் அவள் காப்பாற்றி வைத்திருந்தாள்.

கைபேசியை எடுத்துப் பிரதாபனுக்கு அடித்தாள்.

“இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு எலிப்பேன் ஏறிட்டுது. வாங்கோ.”

“எப்பிடியப்பா வாறது? குளம் நிரம்பி வான் பாயுது. பாலத்துக்கு மேலால ஆள் உயரத்துக்குத் தண்ணி.” அவன் குரலுக்குப் பின்னால் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். “பேன்தானே. எலியளைத் தூக்கி வெளியில வை. பிள்ளையைக் குளிக்க வார்த்துப் படுக்க விடு. தண்ணி வடிய வாறன்.”

“உங்களுக்கு விளங்கேல்லை...”

தொடர்பு அறுந்துவிட்டது. ஒளியும் போனது. மின்சாரம் போனதோ, பொழுது போனதோ, அவளுக்குத் தெரியவில்லை.

குசினி விளக்கைக் கொளுத்தினாள். உரப்பை ஒன்றை எடுத்தாள். கூட்டின் கதவைத் திறந்து வாலைப் பிடித்து ஒவ்வொன்றாய் உள்ளே போட்டாள். ஒன்று அவள் பெருவிரலைக் கடித்து எலும்புவரை பல்லை இறக்கியது. அதைக் கையோடு சுவரில் அடித்தாள். அது விடவில்லை. இன்னொருமுறை அடித்தாள். விட்டது.

“பஞ்சுவை வேண்டாம் அம்மா! பஞ்சு ஒண்டும் செய்யேல்லை!”

பையின் வாயைக் கட்டினாள். பின்வாசல் படியில் போட்டாள். உலக்கையைத் தூக்கினாள்.

முதல் அடியில் பை கத்தியது. அத்தனை சின்ன உயிர்களிடமிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று அவள் நினைக்கவில்லை. இரண்டாவது அடியில் பை நிமிர்ந்தது, ஒரு மனிதன் எழும்பப் பார்ப்பதுபோல. பிறகு அவள் அடிகளை எண்ணவில்லை. உலக்கையின் பூண் ஈரமானது. பையின் பின்னல் கறுத்தது. மழைத்தண்ணீர் படியிலிருந்து சிவப்பாய் இறங்கியது. கை நின்ற பிறகும் தோள் அடித்துக்கொண்டே இருந்தது. யதுசிகா கதவைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள். சத்தம் வரவில்லை.

“முடிஞ்சுது குஞ்சு. முடிஞ்சுது.”

பை அசையவில்லை.

பிறகு அசைந்தது. எலிகள் அல்ல. பின்னலின் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒரு புள்ளி வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. குளிர்ந்துகொண்டிருந்த உடம்புகளை விட்டு அவை வெளியே வந்தன. பையின் மேல் கொஞ்ச நேரம் தயங்கி நின்றன. எதையோ முகர்வதுபோல. பிறகு எல்லாம் ஒரே பக்கமாய்த் திரும்பின.

வாசலின் பக்கம். சூடு இருந்த பக்கம்.

கதவைச் சாத்தினாள். சீலையைக் கிழித்துக் கீழ் நீக்கலை அடைத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினாள். உடுப்பைக் கழற்றி அடுப்பில் போட்டாள். சவர்க்காரம் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்தாள். சிவக்கும்வரை. பிறகும். கழுத்து. கக்கம். காதுக்குப் பின்னால். யதுசிகா நழுவினாள், உதைத்தாள், அம்மாவின் கன்னத்தைப் பிறாண்டினாள்.

“நோகுது அம்மா! விடுங்கோ! நோகுது!”

“ஆடாதை. ஆடாதையெண்டு சொன்னனான்.”

மயிரை இழுத்து முகத்தைத் திருப்பினாள். தன் கையா அது என்று ஒரு கணம் பார்த்தாள். உச்சந்தலையில், வகிடு பிரிந்த இடத்தில், சிவப்பு. துடைத்தாள். சிவப்பு. தோல் உரிந்த சிவப்பா, ஊர்கிற சிவப்பா? விளக்கைக் கிட்டப் பிடித்தாள்.

ஊர்ந்தது.

பூச்சி மருந்துப் போத்தல் சாக்குகளுக்குப் பின்னால் இருந்தது. போன போகத்தில் நெல்லுக்கு அடித்து மிஞ்சியது. அந்த மணம் மூடியைத் திறக்க முதலே வந்தது. இது தோலுக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். பிரதாபன் இதைத் தொட்டால் குளிக்காமல் பிள்ளையைத் தூக்கமாட்டான். அதுவும் தெரியும். அதெல்லாம் தெரிந்த இன்னொரு சிவரூபி எங்கேயோ தூரத்தில், தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்று, கைகளை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய சத்தம் மழையில் கேட்கவில்லை.

தலையிலிருந்து ஊற்றினாள்.

யதுசிகா கத்தினாள். சிவரூபி கையால் அவள் வாயைப் பொத்தினாள். உள்ளே போகக்கூடாது. உரிந்த தோல் முழுவதும் பூசினாள். ஒரு இடம் விடவில்லை. வெள்ளைப் போர்வையை எடுத்துச் சுற்றினாள். இறுக்கி. கை வெளியே வராமல். முகம் மட்டும் தெரிய. மடியில் வைத்து அழுத்திப் பிடித்தாள். சின்ன உடம்பு முறுக்கியது. துள்ளியது. வாயோரம் எச்சில் வழிந்தது. துடைத்தாள். பிறகும் வழிந்தது. துடைத்தாள்.

“கொஞ்ச நேரம்தான் குஞ்சு. பொறுத்துக்கொள்ளு.”

துள்ளல் நடுக்கமானது. நடுக்கம் நின்றது.

பிள்ளை சொறியவில்லை. அழவில்லை. கடிக்குது என்று சொல்லவில்லை. நாள் முழுக்கக் காதுக்குள் அரித்துக்கொண்டிருந்த அந்தச் சத்தம் வீட்டில் எங்குமே இல்லை. சிவரூபி மூச்சை விட்டாள். கண்கள் கலங்கின. நித்திரையாகிவிட்டாள். என் பிள்ளை நித்திரையாகிவிட்டாள். தண்ணி வடிய அவர் வருவார். விடிய எழும்பினதும் தலை வாரிவிட்டு, வேறொரு சட்டை போட்டு...

நெற்றியில் முத்தமிட்டாள். குளிராக இருந்தது. குளித்த பிள்ளை குளிராகத்தான் இருக்கும்.

அப்போது போர்வையின் கழுத்து மடிப்பில் ஒரு புள்ளி வந்தது.

அதற்குப் பின்னால் இன்னொன்று. காதிலிருந்து. புருவத்திலிருந்து. மூடாத இமையின் ஓரத்திலிருந்து. அவை சாகவில்லை. அவசரப்படவும் இல்லை. வெள்ளைப் போர்வையின் மேல் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு எல்லாம் ஒரே பக்கமாய்த் திரும்பின.

அவளுடைய பக்கம்.

சிவரூபி சந்தோசத்தில் சிரித்தாள். விட்டுவிட்டன. பிள்ளையை விட்டுவிட்டன. எதிலும் முட்டாமல் வர வசதியாகச் சட்டைக் கையை மேலே சுருட்டி, கடிபட்ட விரல் மேலே தெரிய, தன் கையைப் பிள்ளையின் கன்னத்தோடு சேர்த்து வைத்தாள்.

“வாங்கோ,” என்றாள், விருந்தாளிகளைக் கூப்பிடுகிற மெல்லிய குரலில். “பிள்ளை நித்திரை. சத்தம் போடாமல் வாங்கோ.”

சிவப்புக் கோடு கன்னத்திலிருந்து அவளுடைய மணிக்கட்டுக்கு ஏறியது.