களிம்பு தடவிய விரல்

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. பொய் சொன்னால் என் நாக்கு அழுகட்டும், பல் செட்டும் கூடவே போகட்டும்.

வாட்ச் ரிப்பேர்க்காரர் வீட்டில் அன்று மாலை எல்லாக் கடிகாரங்களும் நின்றிருந்தன. சாவி கொடுக்க அவருக்குத் தெம்பில்லை. ஆனாலும், மழை ஈரமும் இயந்திர எண்ணெய் வாடையும் தேங்கிக் கிடந்த அந்த அறையில், பீரோவுக்கு அடியிலிருந்து ஏதோ ஒரு கடிகாரம் எந்தக் கம்பெனியும் செய்திருக்க முடியாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். பூனை.

அதன் இதயம்.

வயதான பூனை. கொஞ்ச காலமாகவே, வைத்த சோற்றோடு தட்டையும் தின்றுவிடும் போல் சாப்பிட்டது. ஆனால் எலும்பும் தோலுமாக இருந்தது. விடிய விடிய ஊளையிட்டது. கால்நடை டாக்டர் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தமும் எடுத்துப் பார்த்து, தைராய்டு சுரப்பி அளவு மீறி வேலை செய்கிறது என்றார். இப்படியே விட்டால் இதயம் தாங்காது. மாத்திரையை அது துப்பிவிட்டதால், சுரப்பியின் வேகத்தைக் குறைக்க, காதுக்குள் தடவும் களிம்பு கொடுத்தார்.

"கையுறை போட்டுத்தான் தடவணும். இல்லேன்னா மருந்து உங்க உடம்புல ஏறிடும்."

மனைவியும் தினமும் அதையேதான் சொன்னாள்.

"போடி. முடி மாதிரி ஸ்பிரிங்கைத் தடவியே பிடிக்கிற விரல் இது. உறை மாட்டினா பூனை காது எது, உன் காது எதுன்னே தெரியாது."

"என் காதைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு, அது தெரியுமா?"

பூனையைப் பிழைக்க வைப்பது ஒன்றுதான் அவர் கவலை. அதனால் அழுத்தி அழுத்தித் தடவினார். மருந்தில் பெரும்பங்கு அவருக்குள்ளேயே இறங்கியது. பூனை வேகமாகிக்கொண்டே போக, அவர் மெதுவாகிக்கொண்டே வந்தார். முகம் ஊதியது. முடி கொட்டியது. வெயிலிலும் குளிர்ந்தது. எழ வேண்டும் என்று நினைப்பதற்கும் எழுவதற்கும் நடுவே ஒரு டம்ளர் காபி ஆறிவிடும்.

"நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தாகணும்," என்றபடி அன்று மாலை மனைவி மீன் கழுவ சமையலறைக்குப் போனாள். வாடை வந்தது. பீரோவுக்கு அடியில் ஓடிய கடிகாரம் எழுந்து அவள் பின்னால் போனது.

தட்டு விழுந்தது.

"ஏய், இறங்கு. தோள்லேர்ந்து இறங்குன்னா..."

ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம். சுவரில் நகங்கள் பிறாண்டிக்கொண்டே கீழே இறங்கின. அவை அவளுடையவை.

எழு என்றார் காலிடம். கால் யோசித்தது.

மழை. மழைக்குள்ளே, அவசர அவசரமாக நக்கும் சத்தம்.

பிறகு அதுவும் இல்லை.

டிக்டிக்டிக்டிக்.

கதவருகே பூனை. மீசையெல்லாம் சிவப்பு. வாயில் ஏதோ இருந்தது. வந்து, அவர் மடியில் வைத்தது.

ஒரு காது. கம்மலோடு.

உறையில்லாத விரல் தானாகப் போய் அதைத் தொட்டது. இன்னும் சூடு. யாருடையது என்று உடனே தெரிந்தது.

பூனை அவர் தோளில் ஏறியது. முன்காலை அவர் காதுக்குள் விட்டு, தினமும் அவர் தடவிய அதே வட்டத்தில், அதே பதத்தில், மெல்லத் தடவியது. பிறகு நகத்தை நீட்டியது.

அன்று அந்த வீட்டிலிருந்து உயிரோடு வெளியே வந்தது பூனை மட்டும்தான்.