இடது கால் உள்ளே

கணவருக்காக வீட்டோடு துக்கம் காத்த இத்தா முடிந்த மறுவாரம் அந்தக் கடைக்கு வேலைக்குப் போனேன். சேலத்தில் ஊர் நடுவே உள்ள மாலில், மேல்தளத்தில், விளையாட்டு உடைகளும் ஷூக்களும் தள்ளுபடியில் விற்கும் கடை. என் கணவர் இம்தியாஸ் அங்கே ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொண்டார். அங்கேயே, ஷூ பெட்டிகளுக்கு நடுவே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மௌத்தானார். மகள் ஷைமா படிக்க வேண்டும். வேறு வேலை தேட எனக்குத் தெம்பில்லை.

அந்தக் கடையில் வலது கால் ஷூ மட்டும்தான் வெளியே அடுக்கில் இருக்கும். திருட்டுக்குப் பயந்து இடது காலை உள்ளே வைத்திருப்பார்கள். ஸ்டோர் ரூம் கதவருகே போய் நிறத்தையும் அளவையும் சொல்ல வேண்டும். கிடைத்ததும் உள்ளே இருப்பவர் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். இம்தியாஸ் கொண்டுவந்த பழக்கம். வீட்டில் குளியலறையிலிருந்து துண்டு கேட்பதும் அப்படித்தான்.

முதல் நாள் மதியம் கூட்டமே இல்லை. ஏசி குளிரில் ரப்பர் வாடையும் பசை வாடையும் கலந்து தலை கனத்தது. ஒருவர் நீல ஷூ கேட்டார். கதவருகே போய், "நீலம், எட்டு" என்றேன்.

இரண்டு தட்டு.

கதவு லேசாகத் திறந்து ஷூ நீண்டது. வாங்கும்போது ஒரு விரல் பட்டது. ஈரத்துணி மாதிரி குளிர்ந்திருந்தது.

இம்தியாஸ் பூசும் அத்தர் வாசம்.

"ஏனுங்க்கா, அங்க யாருகிட்ட பேசறீங்க?"

பின்னால் டீ கிளாஸ்களோடு வளவன் நின்றான். மல்லசமுத்திரத்துப் பையன், இம்தியாஸுக்குப் பிறகு ஸ்டோர் ரூம் அவன் பொறுப்பு. "நா இப்பத்தானுங்க டீ வாங்கிட்டு வாரேன். உள்ள ஆளே இல்லீங்களே."

"நானே எடுத்துக்கிட்டேன் தம்பி."

"வந்தன்னைக்கே என் வேலைக்கு வேட்டு வெக்கறீங்களா?" என்று சிரித்தான்.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கையை விட மனம் வரவில்லை. வளவன் வெளியே போகும் நேரம் பார்த்து, யாரும் கேட்காத ஷூவைக்கூடக் கேட்டேன். பள்ளி விட்டு வரும் ஷைமா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் கதவு கொஞ்சம் கூடுதலாகத் திறந்தது.

ஒரு சாயங்காலம் மின்சாரம் போனது. வீட்டுக்குக் கிளம்ப, ஓரமாகக் கழற்றி விட்டிருந்த என் செருப்பைத் தேடினேன். வலது கால் செருப்பு அடுக்கில், ஷூக்களுக்கு நடுவே, முனை வெளியே பார்த்தபடி இருந்தது.

இடது காலைக் காணவில்லை.

ஸ்டோர் ரூமிலிருந்து இரண்டு தட்டு.

வளவன் என் பக்கத்தில்தான் நின்றான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. "போயிராதீங்க்கா" என்று கிசுகிசுத்தான்.

கதவு முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

"அத்தா வாசம்மா" என்று ஷைமா ஓரடி எடுத்து வைத்தாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினேன். "போதுங்க, இனி எதுவும் வேண்டாங்க" என்று அழுதேன். அவருக்குக் கேட்டதா தெரியாது.

இப்போது ராசிபுரத்தில் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறோம். இன்று காலை பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்தது. வாசலில் ஷைமாவின் ஷூ ஒன்றுதான் இருந்தது.

வலது கால். முனை வெளியே பார்த்தபடி.

நான் மூச்சுவிடவில்லை. கேட்டால்தானே கொடுப்பார்.

பூட்டிக் கிடந்த உள்ளறைப் பக்கம் ஷைமா திரும்பினாள். வாயைப் பொத்த ஓடினேன். அதற்குள், கடையில் நான் சொல்லும் அதே குரலில் சொல்லிவிட்டாள்:

"கறுப்பு, மூணு."

இரண்டு தட்டு.