இடம் மாறிய குண்டலம்

பொருநை நதியில் அந்திச் செம்மை கரைந்து, கீழ்வானில் முழுமதி எழுந்து, முத்தூர்க் கோட்டையின் மதில்களுக்கு வெள்ளி பூசத் தொடங்கிய அந்த இனிய வேளையிலும், கோட்டைத் தலைவன் திருவழுதிக்கு நிலவை ரசிக்க மனமில்லை. சபா மண்டபத்தில் நின்று இடக் கன்னத்து மச்சத்தைத் தடவியபடி கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்பார்ந்த வாசகர்களே, அது சாமானியக் காகிதம் அல்ல! பறங்கிக் கப்பல்களில் வந்த புதுமையைப் பார்த்து, யாரோ மரப்பலகையில் சித்திரம் செதுக்கி, மை தடவி, காகிதங்களில் ஒற்றி ஊரெங்கும் இறைத்துவிட்டார்கள். அதில் ஒரு நரி உழவனின் நெல்லை மரக்காலால் அளக்கிறது. மரக்காலுக்கோ அடியே இல்லை. கீழே நரியின் சாக்கு வாய் பிளந்து கிடக்கிறது. சந்தையே வயிறு குலுங்கச் சிரித்தது.

ஆனால் நரியின் இடச் செவியில் ஒற்றைக் குண்டலம் தொங்கியதே, அங்கேதான் வந்தது வினை! இடச் செவியில் ஒற்றைக் குண்டலம் அணிபவர் மன்னர். நெல்வரி வாங்கும் அமைச்சர் மாவலிராயர் அணிவது வலச் செவியில்.

"இது ராஜத் துரோகம்!" என்று கொதித்த அமைச்சர், அரண்மனைச் சித்திரக்காரர் செண்பகராமரைச் சிறையில் அடைத்துவிட்டார். விடிந்தால் அவர் கையை வெட்ட வேண்டும். தண்டனை ஓலையில் திருவழுதி தன் முத்திரையை இடுவது ஒன்றே பாக்கி.

"இன்னும் என்ன தயக்கம், தலைவரே?" என்றார் மாவலிராயர்.

திருவழுதி கனத்த மனத்துடன் மோதிரத்தை அரக்கில் அழுத்தினான். சபையில் வீற்றிருந்த மன்னரின் அருகிலிருந்த அவர் மகள், இளவரசி சேமவல்லி, முகம் வெளிறி எழுந்தாள். "அப்பா, சற்றுப் பொறுங்கள்..."

அதற்குள் திருவழுதி மோதிரத்தை எடுத்துவிட்டான். மோதிரத்தில் இடப்புறம் நீந்திய மீன் அரக்கில் வலப்புறம் நீந்தியது. தினமும் பார்த்த மீன்தான்; இன்றுதான் அவன் கண்ணில் பட்டது! அவன் அரக்கைச் சுரண்டி எறிந்தான்.

"மன்னர் பெருமானே! ஒற்றினால் இடம் வலமாகும், வலம் இடமாகும். செதுக்கியவர் அதை மறந்துவிட்டார். பலகையில் குண்டலம் இருப்பது நரியின் வலச் செவியில்!"

சபை முழுவதும் மாவலிராயரைப் பார்த்தது. அவர் கை தானாகவே எழுந்து வலச் செவியை மூடிக்கொண்டது. பாவம், வாயால் சொல்ல வேண்டியதைக் கையே சொல்லிவிட்டது!

"செண்பகராமரை விடுவியுங்கள். அமைச்சரின் மரக்காலைக் கொண்டுவாருங்கள், அதன் அடியை நான் பார்க்க வேண்டும்" என்றார் மன்னர்.

சபை கலைந்ததும் திருவழுதி ஆற்றங்கரைப் படித்துறையில் இளவரசியைக் கண்டான்.

"தேவி, தங்கள் நகக்கண்களில் மை இருக்கிறது."

அவள் கையை மறைக்கவில்லை. "என் பிழையால் ஒரு நல்லவரின் கை போயிருக்கும். உண்மையைச் சொல்லவே எழுந்தேன், நீர் முந்திக்கொண்டீர். இந்தப் பொருநையின் மேல் ஆணை, இன்றே தந்தையிடம் சொல்லிவிடுவேன்."

"இனிமேல் செதுக்க மாட்டீர்களா?"

"ஏன் மாட்டேன்?" என்று அவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு சிறு பலகையை எடுத்து நீட்டினாள். நிலவொளியில் திருவழுதி தன் முகத்தையே கண்டு திகைத்தான். மச்சம் மட்டும் வலக் கன்னத்தில் இருந்தது.

"ஒற்றிப் பாரும்," என்றாள் சேமவல்லி. "இம்முறை பிழை இல்லை."