தட்டாத கதவு

ஆளில்லாத வீட்டு வாசலில் யாரோ பனியை வாரி ஒதுக்கியிருந்தார்கள்.

வெர்னா காருக்குள் இருந்தபடியே அதைப் பார்த்தாள். அந்தத் தெருவில் மிஞ்சியவை இரண்டே வீடுகள். ஒன்றில் ஹோலிஸ் என்ற பெரியவர் தனியாக இருந்தார். மற்றது இது, நாளைக் காலையில் இடிக்கப்போவது. நடுவில் வெற்று மனை. அங்கிருந்த வீட்டைப் போன ஜனவரியில் இடித்து, கல்லையும் கட்டையையும் அதன் நிலவறைக்குள்ளேயே தள்ளி மண் மூடிவிட்டார்கள்.

நகரத்தின் நில வங்கியில் அவளுக்கு வேலை. கைவிட்ட வீடுகள் அங்கே வந்து சேரும். இடிக்கும் முந்தின நாள் ஒருவர் போய்க் கதவை மூன்று முறை தட்டி, குரல் கொடுத்து, நிலவறை வரை இறங்கிப் பார்த்து, ‘ஆளில்லை’ என்று கையெழுத்திட வேண்டும்.

தட்டினாள். குரல் கொடுத்தாள். உள்ளே ஈரச் சுண்ணாம்பும் எலி மூத்திரமும் கலந்த வாடை. சுவரிலிருந்து உரிந்த காகிதம் அவள் நடக்கும் காற்றுக்கே அசைந்து, பின்னால் யாரோ பக்கம் பக்கமாகப் புத்தகம் புரட்டுவதுபோல் சலசலத்துக்கொண்டே வந்தது. நிலவறையிலும் யாருமில்லை. வெளியே வாரிய பாதையில் அவள் காலடி மட்டும்தான்.

பெரியவரிடம் போய்க் கேட்டாள். அவர் வாசலும் சுத்தமாக இருந்தது. ஓரத்தில் மூடிபோட்ட ஒரு பாத்திரம்.

“நானா? இந்த இடுப்பை வெச்சுக்கிட்டா, சிஸ்டர்?” என்று சிரித்தார். நடு மனையில் இடித்த வீட்டில் போன குளிர்காலத்தில் ஒருவன் ஒண்டியிருந்தானாம். பேர் கேட்டால் சொல்லமாட்டான். விடியுமுன் எல்லார் வாசலிலும் பனி வாரிவிடுவான், இவர் சூப் வைப்பார். இடித்த பிறகு ஆளைக் காணவில்லை.

“தெக்கால எங்கியோ போயிட்டான்னு நெனச்சேன். இப்ப திரும்பி வந்துட்டான் போல. சூப்பை மட்டும் தொடமாட்டேங்கறான்.” பிறகு குத்தலாகச் சொன்னார்: “அந்த வீட்டை இடிக்கறதுக்கு முந்தின நாள் உங்க ஆபீஸ்லேர்ந்து யாரோ வந்தாங்க. கார்லேர்ந்தே கண்ணால தட்டிட்டுப் போயிட்டாங்க.”

அது வெர்னாதான். அன்று கடுங்குளிர். காருக்குள் கதகதப்பு. ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. அதுவே போதும் என்று கையெழுத்துப் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் வழக்கம்போல் பாடவும் செய்தாள்.

அவரிடம் சொல்ல வாயெடுத்தாள். “வரேன்” என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்தபோது வெளிச்சம் சாம்பல் நிறமாகியிருந்தது. வாரிய பாதை இரண்டு வாசல்களையும் தொட்டுவிட்டு ஓரிடத்தில் பிரிவதை அப்போதுதான் கவனித்தாள். அந்தக் கிளை வெற்று மனைக்குள் போயிற்று. நடுவில், கத்தியால் வெட்டியதுபோல் நேராக, நின்றது.

காருக்குப் போயிருக்கலாம். சாவி கையில்தான் இருந்தது. ஆனால் ஒரு மனிதனுக்குச் செய்ய மறந்த சின்ன மரியாதை ஓராண்டாக அங்கே காத்துக்கிடப்பதாகத் தோன்றியது. அவள் நடந்தாள். பாதை முடிந்த இடத்தில் மண்டியிட்டாள். உறைந்த மண்ணில் விரல் மடக்கி மூன்று முறை தட்டினாள்.

“யாராவது இருக்கீங்களா?”

காற்று நின்றது.

ஒரு உரசல்.

கீழிருந்து.

மண்வாரி கல்லில் உரசும் சத்தம். நிதானமாக. அவசரமே இல்லாமல். அவள் முழங்காலுக்கு முன்னால் பனி ஒரு படிக்கட்டு அளவு இறங்கியது. பிறகு இன்னொரு படி. ஓரங்கள் சுத்தமாக. வழுக்காதபடி சாம்பல் தூவி. ஒன்பது படிகள். அடியில் இருட்டு. இருட்டில் ஒரு கதவு.

மூன்று முறை, மெதுவாக, மரியாதையாக, உள்ளேயிருந்து தட்டினார்கள்.